திரை விழுந்த பிறகு

எங்கள் மூத்த மகளின் திருமணத்தை ஒரு நாடகத்தைப் போல நடத்திக் காட்ட வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் திட்டமிட்டோம். திட்டமிட்டபடி நடத்தவில்லை. ஏன் நடத்தவில்லை என்பதையும், அதற்குப் பதிலாக என்ன நடந்தது என்பதையும் இங்கே எழுதத் துணிகிறோம். மணப் பருவத்துப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு, மண்டபம் எது, மேடை எப்படி, பந்தியில் எத்தனை இலை என்று இரவெல்லாம் கணக்குப் போடும் பெற்றோர் இவ்விதழைப் படிப்பவர்களுள் பலர் இருப்பர். அவர்களுக்கு எங்கள் அனுபவம் சிறிதேனும் பயன்படுமாயின் மகிழ்வோம்.

நாடகம் எங்கள் இல்லத்துக்குப் புதியதன்று. எங்களோடு வாழும் பெரியவர் எங்களுள் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமனார், பிள்ளைகளுக்குத் தாத்தா. இங்கே அவரைத் தாத்தா என்றே குறிப்போம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் ஒரு சிற்றூரில் 1940-இல் பிறந்தவர். ஞாயிறுதோறும் கோயிலில் பாடற்குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஸ்பெஷல் நாடகங்களுக்கும் வாசித்தவர். அம்மன் கோவில் திருவிழா எனில் 'வள்ளி திருமணம்'. அந்தோணியார் கோயில் திருவிழா எனில் 'ஞானசௌந்தரி'. சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகளை இழந்து, மாதாவின் அருளால் அவற்றை மீண்டும் பெறும் ஞானசௌந்தரியின் கதை 1948-இல் திரைப்படமாகவும் வந்தது. ஆயினும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், கீற்றுப் பந்தலில், தாம் சுருதி கூட்டக் கண்ட சௌந்தரியே தாத்தாவுக்குச் சௌந்தரி.

அந்தத் தாத்தாவின் மடியில் வளர்ந்த பெண் எங்கள் மகள். பள்ளி ஆண்டு விழா, பங்கின் கிறிஸ்து பிறப்பு நாடகம், தவக்காலப் பாஸ்கா என்று அவள் ஏறாத மேடை இல்லை. கல்லூரியில் நாடகக் குழுவில் சேர்ந்தாள். அங்கேதான் மாப்பிள்ளையையும் கண்டாள். இருவரும் ஒரே மறையினர். இரு வீட்டாருக்கும் மனநிறைவு. எனவே பெரியோர் பேசி நிச்சயம் செய்தோம். இப்போது அவள் பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளைக்கு மதுரையில் வேலை. 2023-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் திருமணம் என்று முடிவாயிற்று.

"நாடகத்தில் சந்தித்தவர்கள் நாங்கள். வரவேற்பை நாடகக் கொட்டகை மாதிரி அமைத்தால் என்ன, அப்பா?" என்று மகள் ஒரு நாள் கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அந்த விளையாட்டை வினையாக்கியவர்கள் நாங்கள்.

அதற்கு ஆறு திங்கள் முன்னர் எங்கள் நெருங்கிய உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்று நடந்தது. அதில் மணமக்கள் படகு ஒன்றில் மிதந்து வருவது போலப் புகை மூட்டத்தினிடையே மேடைக்கு வந்தனர். ஊரே அதைப் பற்றிப் பேசிற்று. 'நம் வீட்டுத் திருமணத்தைப் பற்றியும் பேசட்டும்' என்ற எண்ணம் எங்கள் நெஞ்சில் அன்றே விழுந்திருந்தது. மகளின் சொல் அதற்கு நீர் வார்த்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நன்று.

மேடை அலங்காரம் செய்பவர் ஒருவரை வரவழைத்தோம். அவர் கைதேர்ந்தவர்; கற்பனை மிக்கவர். பழைய காலத்து நாடக நோட்டீசைப் போல ரோஜா நிறத் தாளில் அழைப்பிதழ். அதில் 'ராஜபார்ட்' என்ற இடத்தில் மணமகன் பெயர், 'ஸ்திரீபார்ட்' என்ற இடத்தில் மணமகள் பெயர். மண்டப வாயிலில் டிக்கெட் கொடுக்கும் சாளரம். உள்ளே 30 அடி அகலத்தில் தர்பார் மண்டபம். அதற்கு முன்னே சிவப்பு வெல்வெட்டுத் திரை. மணமகள் மேலிருந்து பூ ஊஞ்சலில் இறங்குவாள். மணமகன் சரிகை அங்கியும் கிரீடமும் தரித்து எதிர்ப்புறத்திலிருந்து வருவான். உணவு மேசை ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடகத்தின் பெயர். விருந்தினர் அமர்வதற்கும் பழைய கொட்டகை முறைப்படி தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுப்புப் பிரிக்கலாம் என்றார். தரை டிக்கெட்டை எந்தச் சித்தப்பாவிடம் நீட்டுவது என்று எண்ணிப் பார்த்து, அதை மட்டும் அன்றே விட்டுவிட்டோம்.

மேடைக்கும் ஒளிக்கும் மட்டும் 4,80,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். மண்டப வாடகை, விருந்து, உடை, நகை எல்லாம் தனி. எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை. இளைய மகளின் மேற்படிப்பை எண்ணி வாங்கிப் போட்டிருந்த ஐந்து சென்ட் மனை ஒன்று இருந்தது. அதன் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் பெறலாம் என்று பேசி, 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். இளையவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அவளும் அக்காள் திருமண மகிழ்ச்சியில் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்தபோது அவள் அந்தப் பக்கமே பார்க்காமல் எழுந்து போனதை மட்டும் கண்டோம்.

அடுத்த வாரம் அலங்காரக்காரர் மற்றொரு யோசனையோடு வந்தார். "கோயிலில் தாலி கட்டும்போது வெளிச்சம் போதாது. சாமியாரும் உறவினரும் சுற்றி நிற்பார்கள். படம் சரியாக விழாது. மாலையில் நம் மேடையில் திரை மெல்ல விலகும்போது, கெட்டிமேளத்தோடு மாப்பிள்ளை இன்னொரு முறை தாலி கட்டட்டும். கீழே இருப்பவர்கள் எல்லாரும் நன்றாகப் பார்ப்பார்கள். அதுதான் நாடகத்தின் உச்சக் காட்சி" என்றார்.

எங்கள் இருவருக்கும் அது சற்று உறுத்தத்தான் செய்தது. ஆயினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "சரி, அப்படியே செய்யலாம்" என்றோம். உறுத்திய ஒன்றை உறுத்தவில்லை என்று எண்ணிக்கொள்ள மனிதனுக்கு அதிக நேரம் வேண்டியதில்லை.

கோயிலில் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிப்பதற்குப் பெயர் கொடுக்கச் சென்றோம். மணமக்களும் உடன் வந்திருந்தனர். பங்குத் தந்தை ஞானஸ்நானச் சான்றுகளையும், திருமணத் தயாரிப்புப் பயிற்சிச் சான்றுகளையும் பார்த்துவிட்டு, ஏற்பாடுகள் எப்படி நடக்கின்றன என்று பரிவோடு விசாரித்தார். மகள் உற்சாகத்தோடு எல்லாவற்றையும் சொன்னாள். தாலி கட்டும் காட்சியையும் சொன்னாள். அவர் சினக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"மேடையில் உனக்கு வசனம் மறந்து போனால் என்ன நடக்கும், அம்மா?"

"திரைக்குப் பின்னால் ஒருவர் நிற்பார், சாமி. அவர் எடுத்துக் கொடுப்பார்."

"திருமண வார்த்தைப்பாடு மறந்து போனால்?"

"நீங்கள் புத்தகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுப்பீர்கள்."

"ஆம், சொல்லை எடுத்துக் கொடுப்பேன். சம்மதத்தை எடுத்துக் கொடுக்க என்னால் முடியாது. ஆயராலும் முடியாது, திருத்தந்தையாலும் முடியாது" என்றார்.

பின்னர் அவர் விளக்கியவற்றை எங்களுக்கு விளங்கிய அளவில் தருகிறோம். மற்ற அருட்சாதனங்களில் குருவின் கரம் வேலை செய்வதைக் காண்கிறோம். மெய்விவாகத்தில், நமது இலத்தீன் திருச்சபையின் மரபுப்படி, ஒருவருக்கொருவர் அருட்சாதனத்தை வழங்குபவர்கள் மணமக்களே. குரு திருச்சபையின் பெயரால் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டு ஏற்றுக்கொள்கிறார். 1983-ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057-ஆம் விதி, இருவரின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்றும், எந்த மனித அதிகாரமும் அந்தச் சம்மதத்துக்கு ஈடாக நிற்க முடியாது என்றும் கூறுகிறது. 1101-ஆம் விதி வாயால் சொன்னதையே உள்ளமும் கொண்டிருப்பதாக முதலில் நம்புகிறது. ஆனால் வாய் ஒன்று சொல்ல, உள்ளம் திருமணத்தையே மனமார விலக்கி நின்றால், அது திருமணமே ஆகாது என்கிறது. அந்தக் குறைக்குச் சட்டம் வல்லோர் வழங்கும் இலத்தீன் பெயருக்குப் பாசாங்கு என்று பொருள். அதாவது நடிப்பு.

"சாட்சிகள் ஏன் என்று தெரியுமா?" என்று தொடர்ந்தார். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் ஆணும் பெண்ணும் யாரும் அறியாமல் தங்களுக்குள் சொல் கொடுத்தாலே திருமணம் என்று ஏற்கப்பட்டது. பின்னர் ஒருவர் அச்சொல்லை மறுத்தால் மற்றவர் கதி என்ன? வழக்குகள் பெருகின, கைவிடப்பட்டோர் கலங்கினர். ஆகவே 1563-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், பங்குக் குருவும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் முன்னிற்க வேண்டும் என்று விதித்தது. "கோயிலில் கூடும் உறவினர் காட்சி பார்க்க வந்தவர்கள் அல்லர். கொடுத்த சொல்லை நாளை நினைவுபடுத்த வேண்டியவர்கள்" என்றார் பங்குத் தந்தை.

எழுந்து புறப்படும்போது மகளின் முகம் வாடியிருந்தது. அதைக் கண்டு அவர் மென்மையாகச் சொன்னார்: "நாடகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அம்மா. நடிகர்களுக்கென்று ஒரு பாதுகாவலரே உண்டு, புனித ஜெனேசியுஸ். தியோக்கிளேசியன் காலத்து உரோமையில், ஞானஸ்நானத்தைக் கேலி செய்து நடித்துக்கொண்டிருந்தபோதே மனம் மாறி, மேடையிலேயே தம்மைக் கிறிஸ்தவன் என்று அறிவித்து உயிர் கொடுத்தார் என்பது மரபு. ஆகஸ்டு 25 அவர் திருநாள். மேடையில் சொன்ன பொய்ச்சொல் அவருக்கு மெய்யாயிற்று. நீங்கள் மெய்ச்சொல்லை மேடைக்குக் கொண்டு போகிறீர்கள். அதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. இரவு உணவுக்குப் பின் மகள் வெடித்தாள். "நாடகம் என்றால் பொய் என்றே எல்லாரும் நினைக்கிறீர்கள். பாஸ்காவில் நான் மரிய மதலேனாளாக அழுதபோது உண்மையாகத்தானே அழுதேன்? அதைப் பார்த்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்களே! அது பொய்யா? தாத்தா, நீங்கள் சொல்லுங்கள்" என்றாள்.

அதுவரை திண்ணையில் ஜெபமாலையோடு அமர்ந்திருந்த தாத்தா உள்ளே வந்தார். அவர் சொன்னது எங்கள் செவியில் இன்னும் ஒலிக்கிறது.

"பொய் இல்லை, தாயி. 'வள்ளி திருமணம்' சங்கரதாஸ் சுவாமிகள் எழுதினது. அவர் காலமானது 1922-ல. இன்னமும் ஊர் ஊராக் கேட்கிறாங்க. பொய்யை நூறு வருசம் கேட்பாங்களா? ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. எங்க ஸ்பெஷல் நாடகத்துல ஒத்திகை கிடையாது. வேலன் புதுக்கோட்டையிலிருந்து வருவார். வள்ளி மதுரையிலிருந்து வருவாங்க. ராத்திரி பத்து மணிக்குத்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பாங்க. விடிய விடியப் பாட்டு, தர்க்கம், கிண்டல். வேலன் வேடனா வருவார், கிழவனா வருவார், கெஞ்சுவார், கொஞ்சுவார். விடியற்காலம் கலியாணம் முடியும். மங்களம் பாடுவோம். அரிதாரத்தைத் துடைச்சுட்டு, சம்பளத்தை எண்ணி வாங்கிக்கிட்டு, ரோட்டுக்கு வந்தா வள்ளிக்கு ஒரு பஸ், வேலனுக்கு ஒரு பஸ். நான் ஆயிரம் கலியாணத்துக்கு வாசிச்சிருக்கேன், தாயி. ஒரு கலியாணத்துலகூடப் பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே பஸ்ஸுல ஏறினதில்லை. அதுல தப்பில்லை, அது அவங்க தொழில். உனக்கு அந்தத் தாலி ஒரு தடவை போதும்."

மகள் மறுமொழி கூறவில்லை. நெடுநேரம் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தாள்.

மறுநாள் பங்குத் தந்தை ஒரு நூலை அனுப்பி வைத்தார். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் எழுதிய நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. 1986 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது தாத்தா இரவெல்லாம் இரயிலில் நின்றுகொண்டே சென்று, தொலைவிலிருந்து வெண்ணங்கியை மட்டும் கண்டு திரும்பியவர். அந்தத் திருத்தந்தை இளமையில் நடிகராக இருந்தவர் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

மகளும் மாப்பிள்ளையும் அந்நூலைப் படித்து எங்களுக்கும் சொன்னார்கள். போலந்து நாட்டை ஜெர்மானியர் பிடித்திருந்த காலத்தில், 1941-இல், கிராக்கோவ் நகரில் ஒரு நாடகக் குழு மறைவாக இயங்கிற்று. கற்சுரங்கத்திலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் உழைத்துவந்த கரோல் வொய்த்தீவா என்னும் இளைஞர் அதில் நடித்தார். வெளியே தெரிந்தால் சிறையோ மரணமோ நேரும். ஆகவே வீட்டுக் கூடங்களில் சிலரே கூடி நடத்தினர். அலங்காரத் திரை இல்லை. மாளிகை அமைப்பு இல்லை. சொல் ஒன்றுதான் இருந்தது. அந்தச் சொல்லுக்காக உயிரைப் பணயம் வைத்து நடித்தவர்களும் கேட்டவர்களும் கூடினர்.

அவரே பின்னர் கிராக்கோவில் துணை ஆயராய் இருந்தபோது, 1960-இல், 'பொன்வணிகர் கடை' என்று தமிழில் சொல்லத்தக்க நாடகத்தைப் புனைபெயரில் வெளியிட்டார். திருமணம் என்னும் அருட்சாதனத்தைப் பற்றியது அது. கணவன்மேல் அன்பு வறண்ட ஒருத்தி, தன் மண மோதிரத்தை விற்கக் கடைக்கு வருகிறாள். பொன்வணிகர் அதைத் தராசில் இடுகிறார், முள் அசையவில்லை. அவள் கணவன் உயிரோடிருப்பதால், இரு மோதிரங்களும் சேர்ந்தாலன்றி அதற்கு எடையே இல்லை என்று சொல்லி, வாங்க மறுத்துவிடுகிறார்.

அந்த இடத்தைப் படித்துக் காட்டியபோது மகளின் குரல் தழுதழுத்தது. "அப்பா, நாடகமே தெரியாமல் நாம் நாடகத் திருமணம் நடத்தப் பார்த்தோம். நாடகத்துக்கு ஊஞ்சலும் புகையும் வேண்டியதில்லை" என்றாள். பிறகு தங்கையைப் பார்த்து, "மனைப் பத்திரத்தை அலமாரியில் திரும்ப வை" என்றாள். இளையவள் ஓடிச் சென்று வைத்தாள். அவள் அவ்வளவு விரைவாக நடந்து அந்த வாரம் முழுவதும் நாங்கள் பார்க்கவில்லை.

முடிவு செய்வது எளிது. அதை மற்றவர்களிடம் சொல்வது அரிது. அலங்காரக்காரர் 20,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். பாக்கி 30,000 ரூபாயை நாங்கள் இழந்தோம். அவருக்கும் செலவு ஆகியிருந்தது. குறை சொல்ல இயலாது. சம்பந்தி வீட்டாரிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கித் தயங்கிச் சென்றோம். வரவேற்பில் பாதிச் செலவு அவர்களுடையது என்று பேச்சு. நாங்கள் சொல்லி முடித்ததும் சம்பந்தியம்மாள் சற்று நேரம் தரையைப் பார்த்தார்கள். பிறகு, "நாங்களும் இரண்டு இலட்சத்துக்கு வட்டிக்குச் சொல்லி வைத்திருந்தோம். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது" என்றார்கள். இரு வீட்டாரும் ஒருவரை ஒருவர் மகிழ்விக்கிறோம் என்றெண்ணிக் கடன் வாங்க முற்பட்டிருந்தோம்! அன்று அவர்கள் வீட்டில் குடித்த காப்பியைப் போல் ருசியான காப்பியை நாங்கள் குடித்ததில்லை.

திருமண நாளும் வந்தது. கோயில் நிறைந்திருந்தது. மறையுரைக்குப் பின் மணமக்கள் எழுந்து நின்றனர். குரு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது எங்கள் பங்கின் வழக்கம். ஆனால் மாப்பிள்ளை, "நான் மனப்பாடமாகவே சொல்கிறேன், சாமி" என்று முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். மேடையில் மூன்று மணி நேர நாடகத்தை ஒரு பிழையின்றிப் பேசியவர் அவர். தொடங்கினார். தம் பெயரைச் சொன்னார்; அவள் பெயரைச் சொன்னார். அடுத்த சொல் வரவில்லை.

கோயில் முழுவதும் மூச்சடங்கி நின்றது. மின்விசிறிகளின் ஒலி மட்டும் கேட்டது. பங்குத் தந்தை புத்தகத்தைச் சற்று முன்னே நகர்த்தினார். ஆனால் வாய் திறக்கவில்லை. பாடற்குழுவில் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்திருந்த தாத்தாவைப் பார்த்தோம். நடிகர் தடுமாறினால் உடனே ஒரு சுருதி கொடுத்துத் தாங்கிப் பழகிய விரல்கள் அவை. அவை கட்டைகளின்மேல் அசையாமல் இருந்தன. மகள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் கண்களில் நீர் திரண்டது. பின்னர், நோயானாலும் நலமானாலும் கைவிடேன் என்னும் கருத்துள்ள அச்சில வரிகளை, மிகத் தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதைப் போலச் சொல்லி முடித்தார். கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது. கேட்க வேண்டியவளுக்குக் கேட்டது.

அடுத்து மாங்கல்யம் மந்திரிக்கப்பட்டது. அதை அவர் கட்டினார். கூட்டம் மறைத்தது, எங்களுக்கே சரியாகத் தெரியவில்லை. படமும் சரியாக விழவில்லை என்று பிறகு அறிந்தோம். பலிக்குப் பின் சாட்சிகள் இருவரும் பதிவேட்டில் கையொப்பமிட்டனர்.

மாலையில் பங்குப் பள்ளியின் பழைய மேடையில் வரவேற்பு. நாடகம் இல்லாமல் இல்லை. புதுக்கோட்டையிலிருந்து ஒரு தர்பார் சீனும் ஒரு காட்டுச் சீனும் 3,000 ரூபாய் வாடகைக்கு வந்தன. முன்திரையை மகளின் மாணவியர் வண்ணம் தீட்டியிருந்தனர். தோபித்து நூலிலிருந்து தோபியாவும் சாராவும் மணந்த வரலாற்றை 40 நிமிட நாடகமாக அம்மாணவியரும் எங்கள் தெருப் பிள்ளைகளும் நடித்தனர். சாராவை மணந்த ஏழு பேர் மணநாள் இரவிலேயே மாண்டதால், எட்டாமவனாகிய தோபியாவுக்கும் அதே கதி நேரும் என்று அஞ்சி, மாமனார் இரகுவேல் இரவோடிரவாகக் குழி வெட்டுகிறார்; பின் மருமகன் உயிரோடிருப்பது கண்டு பதறிப் பதறி அதை மூடச் சொல்கிறார். அந்தக் காட்சியில் கூட்டம் குலுங்கிச் சிரித்தது. சம்பந்தி ஐயா எழுந்து நின்று சிரித்தார். தோபியாவுடன் செல்லும் நாயாக நடித்த ஐந்து வயதுச் சிறுவன் பாதியில் மேடையிலேயே தூங்கிவிட்டான். தோபியாவும் சாராவும் மணவறையில் முழந்தாளிட்டு இணைந்து செபிக்கும் காட்சியில் அனைவரும் அமைதியாயினர்.

மணமக்கள் முன்வரிசையில் நாற்காலியில் அமர்ந்து நாடகம் பார்த்தனர். தங்கள் வாழ்நாளில் மேடைக்குக் கீழே அமர்ந்து அவர்கள் பார்த்த நாடகங்கள் மிகச் சில. அன்று மட்டும் தாங்கள் நடிப்பதில்லை என்று இருவரும் பேசி வைத்திருந்தனர்.

தாத்தா தம் 83-ஆம் வயதில் மூன்று பாட்டுகள் வாசித்தார். இறுதியில் முறைப்படி மங்களம் பாடினார். விருந்தும் எளிமையாக இருந்தது. சோறு, குழம்பு, இரு கறிகள், பாயசம். எவரும் பசியோடு போகவில்லை.

குறை கூறியவர்களும் உண்டு. 'இவ்வளவுதானா?' என்று சிலர் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. பொய்யுரைப்பானேன், அன்றிரவு அது சற்று வலித்தது. ஆனால் மாதத் தவணை என்று ஒன்று எங்கள் வீட்டு வாயிலுக்கு வரவில்லை. இளையவள் அவ்வாண்டே மேற்படிப்பில் சேர்ந்தாள்.

மணவிழா மகிழ்ச்சியாக நடைபெற வேண்டும். அழகாகவும் நடைபெற வேண்டும். கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவரும் அன்னையும் விருந்தினராய்ச் சென்றார்கள்; இரசம் தீர்ந்தபோது மணவீட்டார் வெட்கப்படாதபடி காத்தார்கள். ஆகவே விழாவே ஆகாது என்று நாங்கள் சொல்லவில்லை. பெற்றோராகிய நம்மிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் விளையாட்டாய்க் கேட்பதை நம் பெருமைக்கு ஏணியாக்காதிருப்போம். ஏற்பாடு தொடங்குமுன் சம்பந்தி வீட்டாரோடு மனம் திறந்து கணக்குப் பேசுவோம். வீட்டில் மற்றொரு பிள்ளை எழுந்து போகிறதா என்று பார்ப்போம். அந்த நாளின் மையம் எந்தச் சொல்லில் இருக்கிறதோ, அந்தச் சொல்லை மறைக்கும் அளவுக்கு மேடையை உயர்த்தாதிருப்போம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் மணமக்கள் மதுரைக்குப் புறப்பட்டனர். வழியனுப்ப நாங்கள் பேருந்து நிலையத்துக்குச் சென்றோம். தாத்தாவும் பிடிவாதமாய் உடன் வந்தார். இரண்டு பெட்டிகள், ஒரு பாத்திர மூட்டை, மாமியார் கொடுத்த ஊறுகாய்ப் புட்டி. இவற்றை மாப்பிள்ளை ஏற்றிவிட்டுக் கை நீட்ட, மகள் ஏறிக்கொண்டாள். சாளரத்தின் வழியே இருவரும் கையசைத்தனர். பேருந்து திரும்பி மறையும்வரை தாத்தா பார்த்துக்கொண்டே நின்றார்.

"ரெண்டு பேரும் ஒரே பஸ்" என்றார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, பூசைக்கு நேரமாச்சு" என்று முன்னே நடந்தார்.